40 மீட்டருக்கு ஒரு ரேடியோ: ரிலே தின்ற ஐந்து மாதம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை 6:45க்கு, ஹாம் ரேடியோக்காரர்கள் (லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்கள்) பேசும் 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம், என் கையால் கட்டிய ரேடியோவில் நான் கூப்பிட்டதற்கு முதல்முறையாக ஒருவர் பதில் சொன்னார். கோயம்புத்தூர்க்காரர். ஐந்து-ஏழு (பேச்சு முழுக்கப் புரிகிறது, சிக்னல் ஓரளவு பலம்) என்று ரிப்போர்ட் கொடுத்தார், ரிக், அதாவது ரேடியோ செட், என்னவென்று கேட்டார். "ஹோம்ப்ரூ சார், ஆறு வாட், மாடியில டைபோல்" என்றேன். ஹோம்ப்ரூ என்றால் வீட்டில் கட்டியது, டைபோல் என்றால் இரண்டு பக்கமும் வயர் நீட்டிய ஆன்டெனா. "நல்லா வருது. குரல்தான் கொஞ்சம் ஜலதோஷம் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார். எனக்கு ஜலதோஷம் எதுவும் இல்லை. அந்தக் கதை கடைசியில் வரும்.

இந்த ரேடியோவைக் கட்டி முடிக்க மூன்று மாதம் ஆனது. கட்டியதில் என்ன தப்பு என்று கண்டுபிடிக்க ஐந்து மாதம் ஆனது. நோட்டில் தேதிபோட்டு எழுதி வைத்திருந்ததால் வரிசையாகச் சொல்ல முடிகிறது.

சர்க்யூட் என்னுடையது இல்லை. ஐதராபாத்தில் இருக்கும் அஷ்ஹர் ஃபர்ஹான் (ரேடியோ அழைப்புக்குறி வியூ2ஈஎஸ்ஈ) வடிவமைத்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்த பிட்எக்ஸ் என்ற சர்க்யூட்டின் வழியில் கட்டியது. உள்ளூர்க் கடையில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டரை வைத்தே எஸ்எஸ்பி ரேடியோ (சிக்னலின் இரண்டு சைடுபேண்டுகளில், அதாவது பக்கங்களில், ஒன்றை மட்டும் அனுப்புவது) கட்டலாம் என்று காட்டிய சர்க்யூட் அது. ரெடிமேடு போர்டு வாங்காமல், காப்பர் போர்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, பெரிய போர்டின் மேல் ஃபெவிக்விக்கால் ஒட்டி, அந்தத் துண்டுகளில் பாகங்களைச் சால்டர் அடித்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். ஆனால் எதையும் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம். அந்த வசதி பின்னால் எவ்வளவு தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

முதல் வேலை கிரிஸ்டல் பொறுக்குவது. 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 20 வாங்கினேன், ஒன்று 12 ரூபாய். ஒரே ஒரு டிரான்சிஸ்டரில் அலையை உண்டாக்கும் ஆசிலேட்டர் கட்டி, ஐசி சாக்கெட்டில் ஒவ்வொன்றாகச் செருகி, அலைவரிசை காட்டும் கவுண்டரில் வந்த எண்ணைச் செலோடேப்பில் எழுதிக் கிரிஸ்டல் தலையிலேயே ஒட்டினேன். கையில் பிடித்த சூடு ஆறுவதற்கு ஒரு நிமிஷம் விட வேண்டும், இல்லையென்றால் எண் ஓடிக்கொண்டே இருக்கும். 20இல் நான்கு மட்டும் 50 ஹெர்ட்ஸுக்குள் ஒத்துப்போயின. அவை தேவையான சிக்னலை மட்டும் விடும் ஃபில்ட்டருக்கு, இன்னொன்று பிஎஃப்ஓவுக்கு, அதாவது சிக்னலைத் திரும்பக் குரலாக்க உதவும் ஆசிலேட்டருக்கு. கடைக்காரர் கொடுத்தது குட்டை கிரிஸ்டல். உயரமானதும் குட்டையும் ஒன்றுதானே என்று நினைத்து வாங்கி வந்துவிட்டேன். ஒன்று இல்லை.

அடுத்தது விஎஃப்ஓ, ஸ்டேஷன் மாற்றத் திருப்பும் ஆசிலேட்டர். இங்கே கொஞ்சம் வீம்பு பிடித்தேன். டிஜிட்டல் எதுவும் வேண்டாம், காயிலும் கண்டென்சரும் வைத்துப் பழைய முறையில் 4.8 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கிறேன் என்று உட்கார்ந்தேன். பழைய பிட்எக்ஸ் கட்டுரையில் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரில் காயில் சுற்றலாம் என்று இருந்தது. தெருமுனை ஹார்டுவேர் கடையில் வாஷர் வாங்கிச் சுற்றினேன். ஓடியது. பத்து நிமிஷம் ஓடவிட்டால் ஓரிடத்தில் நிற்கவும் செய்தது. ஆனால் இது திருச்சி, மே மாதம். ஃபேன் இல்லாமல் மேஜையில் உட்கார முடியாது. ஃபேன் போட்டால் காற்று பட்டு அரை நிமிஷத்தில் 300 ஹெர்ட்ஸ் நகர்கிறது, பேசிக்கொண்டிருப்பவர் குரல் கீச்சுக் குரலாகிவிடுகிறது. ஃபேனை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மனைவி, "ஏங்க, ஃபேன் போட்டா உங்க ரேடியோ கெட்டுப்போயிடுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்பதுதான் பதில். காயிலுக்கு மெழுகு ஊற்றினேன், தெர்மோகோல் பெட்டி செய்து மூடினேன். 300 என்பது 120 ஆனது. மூன்று வாரத்துக்குப் பிறகு தோல்வியை ஒப்புக்கொண்டு அலையை டிஜிட்டலாக உண்டாக்கும் எஸ்ஐ5351 போர்டும், அதை ஆட்டிவைக்க ஆர்டுயினோ நேனோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டும் வாங்கினேன். இரண்டும் சேர்த்து 670 ரூபாய். ஒரே நாளில் வேலை முடிந்தது. 12இலிருந்து கேட்க வேண்டிய அலைவரிசையைக் கழித்தால் வருவதைத்தான் அது கொடுக்க வேண்டும்: 7.1 கேட்க 4.9.

அதற்கும் ஒரு விலை இருந்தது. எல்சிடியில் எண் மாறும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கிர்ர் என்று ஒரு சத்தம். நேனோவுக்குத் தனி 7805 (5 வோல்ட் ரெகுலேட்டர்), அதன் இரண்டு பக்கமும் 100 மைக்ரோஃபாரட், எல்லாவற்றையும் பிஸ்கட் டின் தகட்டில் செய்த ஒரு மூடிக்குள் வைத்தேன். எண் மாறாதபோது எல்சிடிக்கு எதுவும் எழுதாதே என்று புரோகிராமையும் மாற்றினேன். சத்தத்தை முக்கால்வாசி ஒழித்தது இந்தக் கடைசி மாற்றம்தான், அதற்குச் செலவு பூஜ்யம்.

மொட்டை மாடியில் டைபோல் கட்டியது இந்தச் சமயத்தில்தான். வீட்டு வயரிங்குக்குப் போடும் 1.5 சதுர மி.மீ. வயர், பக்கத்துக்கு 10.05 மீட்டர். நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவுக் கருவியில் பார்த்தால் 6.85 மெகாஹெர்ட்ஸில் உட்கார்ந்திருக்கிறது. வயரின் மேல் இருக்கும் பிவிசி உறையால் நீளம் கூடியதுபோல ஆகிவிடுகிறது. பக்கத்துக்கு 35 செ.மீ. வெட்டியதும் 7.1க்கு வந்தது.

ரிசீவர் பேச ஆரம்பித்த அன்று காலை ஐந்தரை மணி. ஆள் இருப்பது தெரிகிறது, பேசுவது மட்டும் புரியவில்லை. வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம், எப்படித் திருப்பினாலும் தெளியவில்லை. பிஎஃப்ஓ, ஃபில்ட்டருக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. அதனால் இரண்டு சைடுபேண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. கிரிஸ்டலுக்குத் தொடராக 22 பிகோஃபாரட் டிரிம்மர் (திருகிச் சரிசெய்யும் கண்டென்சர்) ஒன்றைப் போட்டு, ஃபில்ட்டரின் மேல் விளிம்புக்கு 300 ஹெர்ட்ஸ் மேலே தூக்கி நிறுத்தியதும் வாத்து மனிதரானது. மலையாளத்தில் இருவர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் எழுந்திருக்காமல் கேட்டேன்.

ஆனால் எல்லோரும் குடத்துக்குள் இருந்து பேசினார்கள். ஃபில்ட்டரை நானோவிஎன்ஏவில் அளந்தால் அகலம் 1.4 கிலோஹெர்ட்ஸ்தான். குட்டை கிரிஸ்டலின் வேலை. சர்க்யூட்டில் இருந்த 100 பிகோஃபாரட் உயரமான கிரிஸ்டலுக்கானது. 100ஐ எடுத்துவிட்டு 56 போட்டேன், 2.3 கிலோஹெர்ட்ஸ் ஆனது. பிஎஃப்ஓவை மறுபடி நகர்த்த வேண்டியிருந்தது. குட்டை கிரிஸ்டல் டிரிம்மருக்கு அவ்வளவு சுலபமாக அசையாது, ஆகவே கூடவே கொஞ்சம் கண்டென்சரையும் குறைத்துப் பார்த்துப் பொருத்தினேன்.

இதுவரை நடந்தது வழக்கமான கஷ்டம். இனிமேல்தான் விஷயம்.

டிரான்ஸ்மிட் பக்கத்துக்கு முதலில் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் பவரை வாங்கிக்கொள்ளும் ரெசிஸ்டர் கட்டு, செய்தேன். 1 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் 20ஐ இரண்டு காப்பர் தகடுகளுக்கு நடுவில் பக்கவாட்டாக அடுக்கினால் 50 ஓம். அதன் மேல் ஒரு 1என்4148 டையோடு, ஒரு கண்டென்சர், பழைய முள் மீட்டர். மீட்டர் காட்டும் வோல்ட்டுடன் டையோடுக்கு 0.6 கூட்டி, அதை அதாலேயே பெருக்கி 100ஆல் வகுத்தால் வாட். 60 ரூபாய்ச் செலவில் இதைவிட நல்ல பவர் மீட்டர் கிடையாது. தேவையில்லாத உயர் அலைகளைத் தடுக்கும் லோபாஸ் ஃபில்ட்டருக்கு மஞ்சள் நிற டி37-6 டொராய்டு (காயில் சுற்றும் வளையம்) மூன்று, 21, 24, 21 சுற்று. டொராய்டு மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தேன். அனுப்பும் செலவு, டொராய்டின் விலையைவிட அதிகம்.

கடைசியாகப் பவரைக் கூட்டும் ஸ்டேஜுக்கு ஐஆர்எஃப்510 என்ற மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்), ஒன்று 70 ரூபாய். மூன்று போயின. முதலாவது, பயாஸை (பேசாதபோதும் ஓடும் கரண்டை) நிர்ணயிக்கும் பிரிசெட்டை எந்தப் பக்கம் திருப்பினால் குறையும் என்று பார்க்காமல் பவர் கொடுத்ததால். ஆம்மீட்டர் முள் எகிறியதைப் பார்த்துக் கை சுவிட்சுக்குப் போவதற்குள் வாசனை வந்துவிட்டது. இரண்டாவது, ஹீட்சிங்கில் துளை போட்டபோது விளிம்பில் நின்ற பிசிறு மைக்காவைக் குத்தியதால். ஐஆர்எஃப்510இன் முதுகுத் தகடு, 12 வோல்ட் வரும் டிரெயின் காலோடு சேர்ந்தது. அது ஹீட்சிங்கைத் தொட்டால் பன்னிரண்டு வோல்ட் நேராக பாடிக்குப் போய்விடும். அதற்கப்புறம் துளை போட்ட இடத்தைப் பெரிய டிரில் பிட்டால் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி வழித்துவிட்டு, விரலால் தடவிப் பார்த்துத்தான் மைக்கா வைக்கிறேன்.

மூன்றாவது மாஸ்ஃபெட்டோடு பயாஸை 100 மில்லிஆம்பியரில் நிறுத்தி, பிடிடியை (பேசும்போது அழுத்தும் பட்டனை) அழுத்தி, "ஹலோ" என்றேன். முள் 14 வோல்ட்டுக்குப் போனது. இரண்டு வாட்! சந்தோஷத்தில் இன்னொரு ஹலோ சொல்ல வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன், ஹலோ முடிந்த பிறகும் முள் 14இலேயே நிற்கிறது. மைக்கைக் கழற்றினேன். 14. வாய் பேசாமல், மைக் இல்லாமல், அதுவே தனக்குத்தானே ஊதிக்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு நிமிஷம் அப்படியே யோசித்துக்கொண்டிருந்ததில் மூன்றாவது மாஸ்ஃபெட்டும் சூடேறிப் போனது.

ஆசிலேஷன் (இப்படித் தானாக ஊளையிடுவது) என்றால் பவர் ஸ்டேஜில்தான் இருக்கும் என்று முடிவு கட்டினேன். ஐந்து மாதத்தைத் தின்றது இந்த முடிவுதான். மாஸ்ஃபெட்டின் கேட் காலில் 10 ஓம் போட்டேன். ஃபெரைட் மணி கோத்தேன். டிரைவருக்கும் (பவர் ஸ்டேஜுக்கு முந்தைய ஆம்ப்ளிஃபயருக்கும்) பவர் ஸ்டேஜுக்கும் நடுவில் தகடு நிறுத்தினேன். டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து மறுபடி சுற்றினேன். 12 வோல்ட் போகும் வழியெல்லாம் 0.1 மைக்ரோஃபாரட் நட்டேன். பவர் ஸ்டேஜ் முழுவதையும் பிடுங்கி வேறு போர்டில் கட்டினேன். ஒவ்வொரு முறையும் 14 என்பது 12 ஆகும், 13 ஆகும், ஒருமுறை 16 ஆனது. கடைசியில் டிரைவரின் எமிட்டர் ரெசிஸ்டர்களைக் கூட்டி கெயினை, அதாவது பெருக்கும் அளவை, குறைத்தேன். ஆசிலேஷன் நின்றது. பவரும் நின்றது: அரை வாட்.

அரை வாட்டோடு இரண்டு மாதம் காலையில் கூப்பிட்டுப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "யாரோ இருக்காங்க, புரியல" என்று ஒருமுறை ஒருவர் சொன்னார். அதுவே அந்த இரண்டு மாதத்தில் கிடைத்த பெரிய ரிப்போர்ட். கியூஆர்பியில் (குறைந்த பவரில்) மோர்ஸ் அடித்தால் அரை வாட் கண்டம் தாண்டும் என்பார்கள். அது சரி, எனக்குப் பேச வேண்டும்.

ஒரு நாள் ராத்திரி, கெயினைப் பழையபடி ஏற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். டம்மி லோடு, மைக் இல்லை, பிடிடி அழுத்தினால் 14. கேட்பதிலிருந்து பேசுவதற்கு மாற்றும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) 'டிக்' என்று விழும் சத்தம் கொஞ்சம் மந்தமாக இருப்பதுபோலத் தோன்றியது. கான்டாக்ட் சரியாக உட்காரவில்லையோ என்று நினைத்து, அதன் பிளாஸ்டிக் மூடியின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து அழுத்தினேன். முள் 14இலிருந்து 9க்கு வந்தது. விரலை எடுத்தேன், 14. அழுத்தாமல் சும்மா விரலை மேலே வைத்தேன், 10. மூடியிலிருந்து அரை அங்குலம் தள்ளிக் காட்டினேன், முள் லேசாக ஆடியது. பிளாஸ்டிக்குக்கு வெளியே இருக்கும் விரலுக்கும் உள்ளே இருக்கும் கான்டாக்ட்டுக்கும் என்ன சம்பந்தம்? மணி பதினொன்றரை. பத்து தடவையாவது விரலை வைத்து எடுத்துப் பார்த்திருப்பேன்.

மறுநாள் காலை தஞ்சாவூர்ப் பெரியவர் ஒருவருக்கு போன் போட்டேன். 40 வருஷமாக ரேடியோவில் இருப்பவர், கட்டிய ரேடியோவின் எண்ணிக்கை அவருக்கே தெரியாது. விரல் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "தம்பி, ஆம்ப்ளிஃபயருக்கு உள்ள போற வயரையும் வெளிய வர்ற வயரையும் ஒரே ரிலேயிலயா கொடுத்திருக்கீங்க?" என்றார்.

ஆமாம். அப்படித்தான் கொடுத்திருந்தேன். இடத்தை மிச்சப்படுத்த எட்டுக் கால் டபுள் போல் ரிலே (ஒரே டப்பாவில் இரண்டு சுவிட்ச்) ஒன்று. ஒரு பக்கம் ஆன்டெனாவை மாற்றுகிறது, இன்னொரு பக்கம் பேண்ட்பாஸ் ஃபில்ட்டரை (40 மீட்டர் பேண்டை மட்டும் விடுவதை) மாற்றுகிறது. ரிசீவ் செய்யும்போது ஆன்டெனா ஃபில்ட்டருக்குப் போக வேண்டும் என்பதால் இரண்டு ரிசீவ் கால்களுக்கும் நடுவில் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு ஜம்பர் வயர். டிரான்ஸ்மிட் செய்யும்போது அந்த ஜம்பர் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. அதற்கு ஒரு பக்கம் பவர் ஸ்டேஜின் வெளியீடு, மறுபக்கம் டிரைவரின் உள்ளீடு. திறந்திருக்கும் கான்டாக்ட் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1 பிகோஃபாரட் கண்டென்சர் மாதிரி. ஒன்றுமில்லாத அளவுதான். ஆனால் அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் என் ஆம்ப்ளிஃபயர் பத்து லட்சம் மடங்கு பெருக்கிக்கொண்டிருந்தது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தாலே ஊளையிடப் போதும்.

போனைக் கையில் வைத்துக்கொண்டே நிப்பரால் அந்த ஜம்பரை நறுக்கினேன். பிடிடி அழுத்தினேன். பூஜ்யம். முள் அசையவே இல்லை. "என்ன ஆச்சு?" என்றார். "செத்துப்போச்சு சார்" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

சரிசெய்ய 45 ரூபாய் ஆனது. சின்ன ரிலே ஒன்று வாங்கி, பேண்ட்பாஸ் ஃபில்ட்டர் பக்கத்தில், போர்டின் மறுகோடியில் வைத்தேன். பழைய ரிலே ஆன்டெனாவுக்கு மட்டும். இரண்டுக்கும் நடுவில் ஜம்பருக்குப் பதில் ஆர்ஜி-174 கோஆக்ஸ் (நடுக்கம்பியைச் சுற்றிக் கம்பி உறை உள்ள வயர்), இரண்டு முனையிலும் உறையை கிரவுண்டில் சால்டர் அடித்தது. பழைய ரிலேயில் இப்போது சும்மா இருக்கும் மறுபோலை வைத்து, டிரான்ஸ்மிட்டின்போது அந்தக் கோஆக்ஸின் நடுக்கம்பியை கிரவுண்டில் சேர்த்துவிட்டேன். இரண்டு ரிலே காயிலுக்கும் குறுக்கே 1என்4007 டையோடு. டிரைவரின் ரெசிஸ்டர்களைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன். மைக் இல்லாமல் பிடிடி: பூஜ்யம். மைக்கில் நீளமாக ஒரு விசில்: 23.5 வோல்ட். 24.1ஐ 24.1ஆல் பெருக்கி 100ஆல் வகுத்தால் 5.8 வாட். 13.8 வோல்ட்டில் ஒற்றை ஐஆர்எஃப்510 கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டது. ஐந்து மாதமாக நான் கழற்றி மாட்டிய பவர் ஸ்டேஜில் ஒரு தப்பும் இருந்ததில்லை.

ஜலதோஷக் கதைக்கு வருகிறேன். கோயம்புத்தூர்க்காரர் சொன்ன பிறகு மைக் பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். மைக்குக்குக் குறுக்கே ஆர்எஃப் (ரேடியோ அலை) உள்ளே வராமலிருக்க, மேலே 102 என்று எழுதிய கண்டென்சர் ஒன்றைப் போட வேண்டும். நான் போட்டிருந்தது 104. நூறு மடங்கு பெரியது. அது ஆர்எஃபோடு சேர்த்து என் குரலின் மேல்பாதியையும் கிரவுண்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. 102 போட்ட மறுநாள் அதே ஆளிடம் "இப்ப எப்படி சார்?" என்று கேட்டேன். "மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்றார்.

மொத்தச் செலவு நோட்டுப்படி 5,140 ரூபாய். செத்த மாஸ்ஃபெட், கைவிட்ட வாஷர் விஎஃப்ஓ எல்லாம் அதில் அடக்கம். நானோவிஎன்ஏ சேராது, அது ஏற்கெனவே இருந்தது. இதைப் பார்த்துக் கட்ட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஆன்டெனாவில் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். எனக்கு வியூ3 என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு லைசென்ஸ் வந்த பிறகுதான் பவர் ஸ்டேஜையே தொட்டேன்.

மறுபடி கட்டினால் உயரமான கிரிஸ்டலைக் கேட்டு வாங்குவேன். விஎஃப்ஓவுக்கு மூன்று வாரம் கொடுக்க மாட்டேன். பவர் ஸ்டேஜை வேறு டப்பாவில் வைத்து, நடுவில் கோஆக்ஸ் மட்டும் ஓடவிடுவேன். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் அங்கே அளந்த வோல்ட்டேஜை மார்க்கரால் போர்டிலேயே எழுதுவேன், நோட்டைத் தேடி ஓடுவதில் பாதி ராத்திரி போய்விடுகிறது. கண்டென்சரைச் சால்டர் அடிப்பதற்கு முன் எல்லாவற்றையும் மீட்டரில் அளப்பேன். 102க்கும் 104க்கும் என் கண்ணில் வித்தியாசம் தெரியும் வயது தாண்டிவிட்டது.

இன்னும் முடியாத வேலை இரண்டு. சாயங்காலம் ஆனால் 7.2க்கு மேலே இருக்கும் பிராட்காஸ்ட் ஸ்டேஷன்கள் பேண்டின் மேல்கோடியில் வந்து முட்டுகின்றன. பேண்ட்பாஸ் ஃபில்ட்டரில் இன்னொரு காயில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், பத்து நிமிஷம் விடாமல் பேசினால் ஹீட்சிங்கில் கை வைக்க முடியவில்லை, பவரும் 4 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. பழைய கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றைப் பின்னால் மாட்டினேன். சூடு குறைந்தது, ரிசீவரில் ஃபேன் மோட்டாரின் இரைச்சல் வந்தது. இப்போதைக்கு பிடிடி அழுத்தும்போது மட்டும் ஃபேன் ஓடும்படி அதே ரிலேயிலிருந்து ஒரு வயர் இழுத்திருக்கிறேன்.